மியூசியம் என்று நினைத்துப் போன வீடு

போன கிழமை அயர்லாந்துக்குப் போய் வந்தேன். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது தமிழில் எழுதுவதைக்கூடப் போனே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறதாம். அந்த ஊரில் யாராவது இதை வாசித்துவிட்டால்... வேண்டாம்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள் புக் பண்ணித் தந்த பயணம். சின்ன ஊர். ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு இறைச்சிக் கடை, மூன்று பப். பக்கத்தில் ஒரு கோட்டை – பாதி இடிந்துவிட்டது, மற்றப் பாதிக்குள் மாடுகள் நின்றன. ஒரு ஏரியும் உண்டு. மழைக்குள் எது ஏரி, எது வானம் என்று பிரிக்க முடியவில்லை.

என்னைப் பற்றி இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்பே கவலைப்படத் தொடங்கிவிட்டேன். வாடகைக் காரில் கீறல் விழுந்தால்? ஐரிஷ்காரர் பேசும் இங்கிலீஷ் விளங்காவிட்டால்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு லண்டன் இங்கிலீஷே அரைகுறை. விளங்காத இடத்தில் ‘யெஸ்’ என்று தலையாட்டிவிடுவேன். அந்த யெஸ்ஸை வைத்துத்தான் லண்டன் ஹவுன்ஸ்லோவில் வீடே வாங்கினேன்!

இரண்டாம் நாள், ஊருக்கு வெளியே இருக்கிற மியூசியத்துக்குப் புறப்பட்டோம். வைக்கோல் கூரை போட்ட பழைய விவசாயி வீடு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்களாம். ரோட்டை விட்டு ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பினால் கரை முழுக்கக் கார்கள். மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவர் கையைக் காட்டி எங்களை ஒரு வயலுக்குள் நிறுத்த வைத்தார். பார்க்கிங் எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று சிரித்தார். லண்டனில் யார் இப்படிச் சொல்வார்கள்?

வீட்டு வாசலில் நீளமான கியூ. கூரையில் வைக்கோலைக் காணவில்லை. திருத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் கறுப்பில் நின்றார்கள். மழை ஊர்தானே, அழுக்குத் தெரியாது. மாட்டு விலை, புட்போல் என்று பேசிச் சிரித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து வேறு என்னத்தைத்தான் நினைப்பது? என் தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. மனைவி கலா போட்டிருந்தது எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு மழைக்கோட்டு.

வாசலில் நின்ற பிள்ளையிடம் ‘டூ அடல்ட்ஸ்’ என்று பேங்க் கார்டை நீட்டினேன். அவள் கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, நனையாமல் உள்ளே வாருங்கள் என்றாள். டிக்கெட்டும் ஃப்ரீ!

உள்ளே சுவர் நிறையக் குடும்பப் படங்கள். குசினியில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. சான்ட்விச் வாசம்கூட வந்தது. “உண்மையா ஆக்கள் இருக்கிற வீடு மாதிரியே வைச்சிருக்கிறாங்கள்,” என்று கலாவிடம் சொன்னேன். மணிக்கூட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். பழைய காலத்து வழக்கமாக இருக்கும் என்று அதையும் போனில் படம் எடுத்தேன்.

கலா என் முழங்கையைப் பிடித்தாள்.

“இஞ்சேருங்கோ, போனை உள்ளுக்கு வையுங்கோ. இது செத்தவீடு.”

அவள் பார்த்தது, சுவரோரமாகப் பெண்கள் இருந்த இருப்பை. அதை யாழ்ப்பாணத்திலும் பார்க்கலாம், அயர்லாந்திலும் பார்க்கலாம். நான் அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பெட்டி. கோட் சூட் போட்ட ஒரு பெரியவர். விரல்களில் செபமாலை.

திரும்பிப் போகலாம்தானே என்பீர்கள். எப்படி? பின்னால் அரை ஊர் நிற்கிறது. வரிசை எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. தொப்பியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் திணித்தேன். கதிரைகளில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் கைகொடுத்தோம். கடைசியில் அவரின் மனைவி. சின்ன உருவம், கறுப்புக் கார்டிகன். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். லண்டன் என்றேன். என் கையைப் பிடித்திருந்த அவரின் கை இறுகியது. கண் பெட்டிப் பக்கம் போனது.

“அப்படியென்றால் என் டொமை லண்டனில் தெரியுமா?”

இந்த முறை விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்ல முடியாது. தெளிவாக விளங்கியது. ஆனாலும் பயத்தில் வாயிலிருந்து வந்தது அதே ‘யெஸ்’தான்.

அவர் எழுந்தே விட்டார். எங்களைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தித் தேத்தண்ணி தந்தார். டொம் இருபது வருடம் லண்டனில் கட்டட வேலை செய்தாராம். கிறிஸ்மஸுக்கும் கோடைக்கும் மட்டும் வீட்டுக்கு வருவாராம். பிள்ளைகளைத் தனியே நின்று வளர்த்தது இவர்தான். லண்டனிலிருந்து ஒருவராவது வருவார்களா என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். வந்தது நாங்கள்தானாம்.

நான் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கினேன்.

பிறகு அவர் கிட்டக் குனிந்து மெல்லக் கேட்டார்:

“உண்மையைச் சொல்லுங்கள். அங்கே அவர் தனிமையில் கிடந்தாரா? என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.”

இல்லை, நிறையச் சினேகிதர்கள் இருந்தார்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். எவ்வளவு சுலபம்! கலா தமிழில், முகத்தை மாற்றாமல் சொன்னாள்:

“பொய் சொல்லிப்போடாதேங்கோ. நீங்கள் சொல்லுறதை அந்த மனிசி சாகும்வரைக்கும் வைச்சிருக்கும்.”

சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கப்பைப் பார்த்துக்கொண்டு. உங்கள் கணவரை எனக்குத் தெரியாது. மியூசியம் என்று நினைத்து வந்தோம். மன்னியுங்கள்.

கேத்திலோடு நின்ற பெண் அப்படியே நின்றார். அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டேனே... என்று நிமிர்ந்தால், சிரிக்கிறார்.

“மியூசியமா? ஒரு பழைய ஆணியைக்கூட எறிய விடமாட்டார் மனுஷன். மியூசியம்தான்.”

யாரோ முன்னறைக்கு ஓடிப்போய்ச் சொன்னார்கள். பெட்டிக்குப் பக்கத்திலிருந்தும் சிரிப்புக் கேட்டது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் என் தோளில் தட்டினார்கள். ஒருவராவது ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்தார். ஆனால் கேள்வியை விடவில்லை. நீங்களும் அங்கே தனியே இருந்தவரா என்று கேட்டார். கல்யாணம் முடித்து, விசா கிடைத்து, கலா வந்து சேர நாலு வருடம். இருந்தேன் என்றேன். எப்படி இருந்தது என்றார்.

யெஸ் சொல்லித் தப்ப முடியாத கேள்வி. வேலை நாட்களில் ஒன்றும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம் என்றேன். உடுப்புத் தோய்க்க லோண்டரிக்குப் போவேன். என் உடுப்பு காய்ந்த பிறகும் வெளியே வரமாட்டேன். மெஷினுக்குள் மற்றவர்களின் உடுப்பு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அங்கே சூடு இருந்தது. ஆட்கள் இருந்தார்கள்.

அவர் தன் கப்பைத் தள்ளி வைத்தார்.

“டொமும் ஞாயிறுகளில்தான் போன் எடுப்பார். பின்னால் ஏதோ மெஷின் சத்தம் கேட்கும். வேலையில் நிற்கிறேன் என்பார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று நான் கேட்டதில்லை.” பிறகு என்னைப் பார்த்து, “அதுவும் அப்படி ஒரு இடமாக இருக்கலாம், இல்லையா?” என்றார்.

இருக்கலாம் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு என்ன தெரியும்? அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னார். உள்ளே வந்து பொய் சொன்னவனுக்கு நன்றி!

காரில் கலா மழைக்கோட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்:

“ஒவ்வொரு ஞாயிறும் பெடியளோட கிரிக்கெட் விளையாடுறன் எண்டெல்லோ எனக்குப் போனில சொன்னனீங்கள்?”

நான் ரோட்டைப் பார்த்தேன். அயர்லாந்து ஒழுங்கைகள் சரியான ஒடுக்கம் – ஓட்டுகிறவன் பேசக்கூடாது.