மூன்று முறை அழுத்திய பொத்தான்

பட்டறையில் அவருக்குக் கணக்குப்புலி என்று பேர். வர்க்கமூலம், கனமூலம் எல்லாம் வாயாலேயே சொல்லிவிடுவார். இயந்திரங்களுக்குப் பல்சக்கரம் செய்யும் பட்டறை அது. அவர் அங்கே மேற்பார்வையாளர். புலி என்று கூப்பிட்டால் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மனுஷருக்கு உள்ளுக்குள் அவ்வளவு குளிர்ச்சி.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு சாமானைக் கெடுத்துவிட்டால், அது கெடுத்தவர் பெயர்ச்சீட்டோடு வாசல் ஆணியில் தொங்கும். அடுத்தவர் ஒன்றைக் கெடுக்கும்வரை இறங்காது. இப்போது அங்கே தொங்குவது ஒரு பல்சக்கரம். சீட்டில் இருப்பது புலியின் மைத்துனன் பெயர், மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

நடந்தது இதுதான். துளைபோடும் இயந்திரம் ஒன்றுக்கு ஏழு வேகம் கேட்டிருந்தார்கள். உச்ச வேகம், மிக மெதுவான வேகத்தைப்போல் நாற்பது மடங்கு இருக்க வேண்டும். கீழிருந்து மேலே ஆறு படி. ஒவ்வொரு படியிலும் வேகம் ஒரே மடங்கில் ஏற வேண்டும். அந்த மடங்கு எது? ஆறு முறை வைத்துப் பெருக்கினால் நாற்பது வருகிற எண், அதாவது நாற்பதின் ஆறாம் மூலம். புலிக்கு இதெல்லாம் ஜுஜுபி. தன் பழைய கால்குலேட்டரை எடுத்தார். அதில் வர்க்கமூலப் பொத்தான் மட்டும்தான் உண்டு. வர்க்கமூலம் என்றால் இரண்டாம் மூலம். மூன்று முறை அழுத்தினால் இரண்டும் இரண்டும் இரண்டும் ஆறு, முடிந்தது கதை. வந்த எண்ணை வைத்து வரைபடம் போட்டுக் கொடுத்தார். சரிபார்க்கவா? அதெல்லாம் கணக்கு வராதவர்கள் செய்கிற வேலை!

இயந்திரத்தைப் பூட்டி ஓட்டினால், உச்ச வேகம் பதினாறு மடங்கோடு நின்றுவிட்டது.

"பல்லு வெட்டினது யாரு?" என்று கத்தினார்.

மைத்துனன் வந்து நின்றான். "வரைபடத்துல இருந்தபடிதான் வெட்டினேன், மாமா."

"அப்போ என் கணக்கு தப்புங்கிறியா? உங்க குடும்பத்துக்கே கணக்குன்னா எட்டிக்காய்! உங்கக்காவைக் கட்டிக்கிட்டு நான் படறது போதாதா?"

பட்டறையே கேட்டுக்கொண்டிருந்தது. பற்களை எண்ணி வரைபடத்தோடு ஒத்துப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. புலி சொன்னால் சரியாகத்தானே இருக்கும். மைத்துனனை அட்டைப்பெட்டி கட்டும் மூலைக்கு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை முதலாளி வந்ததும் அவன் வேலையே போய்விடும் என்று பேச்சு. அவர் கத்தியதெல்லாம் காதுக்கு எட்டி, வீட்டில் மனைவி அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் பள்ளிப் பாடத்தோடு வந்தாள். "அப்பா, அறுபத்துநாலோட ஆறாம் மூலம் எப்படிப்பா?"

"கால்குலேட்டர்ல மூணு தட்டு தட்டும்மா, தானா வரும்."

தட்டினாள். "ஒண்ணு புள்ளி ஆறு எட்டுன்னு வருது. புத்தகத்துல ரெண்டுன்னு இருக்கே?"

"அச்சுப் பிழையா இருக்கும்."

"இல்லப்பா. ரெண்டை ஆறு தடவை போட்டுப் பெருக்கிப் பாத்துட்டேன். அறுபத்துநாலு டாண்ணு வருது."

அவளிடமிருந்து கால்குலேட்டரைப் பிடுங்கினார். முதல் தட்டுக்கு எட்டு. அது இரண்டாம் மூலம். அடுத்த தட்டு அந்த மூலத்துக்கே மூலம் எடுக்கிறது. ஆக நான்காம் மூலம். மூன்றாவது தட்டில் எட்டாம் மூலம். இரண்டு, நான்கு, எட்டு! ஆறு அந்த வழியில் இல்லவே இல்லை. வர்க்கமூலம் எடுத்து, வந்ததற்குக் கனமூலம் எடுத்திருந்தால் ஈர்மூன்று ஆறு. அறுபத்துநான்கு எட்டாகி, எட்டு இரண்டாகியிருக்கும். கனமூலத்தை வாயாலேயே சொல்லுகிற மனுஷருக்கு இது தோன்றாமல் போயிற்றே! காது மடல் சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனார். சக்கரத்தைச் சத்தமில்லாமல் கழற்றி ஒளித்துவிடலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆட்கள் வந்து கூடும்வரை காத்திருந்து, மைத்துனன் சீட்டை எடுத்துவிட்டுத் தன் பெயரை எழுதி மாட்டினார்.

"தப்பு என்னோடது. எட்டாம் மூலத்தை ஆறாம் மூலம்னு நினைச்சுட்டேன்," என்று முதலாளியிடம் சொன்னார். யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மைத்துனன் பெட்டிக் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுத் தன் இயந்திரத்துக்குத் திரும்பினான். போகிற போக்கில், "அக்காகிட்டயும் சொல்லிடுங்க மாமா," என்றான்.

சாயங்காலம் சொன்னார். அடுக்களை வாசலில் நின்று, பொத்தானை அழுத்தியது முதல் சீட்டு மாட்டியது வரை ஒன்று விடாமல் சொன்னார். மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"சரிங்க, கணக்கு தப்பானதால வந்து சொல்றீங்க," என்றாள். "கணக்கு சரியா இருந்திருந்தா, என்னைப் பத்திப் பேசினதும் சரியாயிருக்குமா?"