குதிகால் திரும்பும் இடம்

நல்லூரில் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டில் நான் மெஷின் ஃபிட்டர். மகள் ஸ்காட்லாந்தில் நர்சாக இருக்கிறாள். அவள் குடியிருப்பது அறுபது வீடுகூட இல்லாத சிற்றூர். ஒரு கல்பாலம், ஒரு தேவாலயம், சுற்றிலும் ஆடுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பா, உங்களுக்கு ஒரு வேலை வந்திருக்குதுங்க."

மூடிப்போன பள்ளிக்கூடத்தின் ஓர் அறையில் ஊர்க்காரர்கள் தங்கள் பழைய பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வெண்ணெய் கடையும் பீப்பாய், பள்ளி மணி, ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரி என்று காட்டிக்கொண்டே போனவள், மேசை விளிம்பில் மாட்டியிருந்த ஓர் இரும்புப் பொருளுக்கு முன் நின்றாள். சாய்ந்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கை அகலத்தில் சிலிண்டர், சுற்றிலும் ஊசிகள், பக்கத்தில் கைப்பிடி. முப்பது வருடமாக நான் பிரித்து மாட்டும் வட்ட மெஷின்தான். மோட்டார் மட்டும் இல்லை.

அறையைக் கவனித்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியை அருகில் நின்றார். அவர் பேசப் பேச மகள் நம் பேச்சில் சொன்னாள். "இந்தம்மாவோட அத்தையோடதாமுங்க. இதுல சாக்ஸ் பின்னி மீன் பிடிக்கப் போறவங்களுக்கு விப்பாங்களாம். இப்பச் சுத்துனா ஓட்டை விழுகுதுங்க."

"ஒரே கோடா விழுகுதான்னு கேளு கண்ணு."

ஆமாம் என்றார் ஆசிரியை. அப்படியானால் ஒரே ஒரு ஊசியில்தான் கோளாறு. போனை ஒவ்வோர் ஊசியாக நகர்த்தச் சொன்னேன். ஒன்றில் மட்டும், மூடித் திறக்க வேண்டிய சின்ன நாக்கு வளைந்துபோய் மூடாமல் நின்றது. தகர டப்பாவில் மாற்று ஊசிகள் இருந்தன. ஆசிரியை ஒன்றை எடுத்துச் செருகினார். மூன்றாம் முறைதான் ஊசி உள்ளே உட்கார்ந்தது. கைப்பிடியைச் சுற்றினார். சாம்பல் நிறத் துணி குழாயாக, ஓட்டையில்லாமல் இறங்கியது.

"குழாய் வருதுங்க, குதிகால் எப்படி வரும்னு கேக்கறாங்கப்பா."

எனக்கும் தெரியவில்லை. எங்கள் மெஷின்கள் நேர்க்குழாயாகத்தான் பின்னும். ஆளைவிடாத கேள்வியாகிவிட்டது அது. அத்தை பின்னிய பழைய சாக்ஸ் ஒன்றை ஆசிரியை பார்சலில் அனுப்பினார். வந்ததும் உள்பக்கம் திருப்பி, லென்ஸ் வைத்து, கண்ணி கண்ணியாகப் பார்த்தேன். குதிகாலைத் தனியாகப் பின்னித் தைத்த தடமே இல்லை. மூன்றாம் நாள் காலை, பல் விளக்கும்போது பிடிபட்டது. பாதி ஊசிகளைத் தூக்கி ஓய்வில் விட்டுவிட்டு, மீதிப் பாதியில் கைப்பிடியை முன்னும் பின்னுமாக ஆட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துத் துணி மட்டும் வளர்ந்து குதிகாலுக்குக் குழிந்துகொடுக்கும்.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஆசிரியையிடம் போய் விளக்கினாள்.

"அத்தை நடுநடுவுல பாதிச் சுத்துல திரும்புவாங்களாம். இவங்க சின்னப் புள்ளையா இருக்கறப்ப, கை வலிச்சுத் திரும்பறாங்கன்னு நெனச்சுட்டாங்களாமுங்க" என்றாள் மகள்.

ஆசிரியை அன்றே உட்கார்ந்து முயன்றார். முதல் குதிகால் கோணலாக, இட்லி போலப் புடைத்துக்கொண்டு வந்தது. அதையும் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்களாம்.