பேர்ல் அடித்த கார்

நல்லாயிருந்த வெள்ளைக் காருக்கு ஏன் பேர்ல் அடித்தாய் என்று இன்றைக்குக் கேட்டால், கொழுப்பு என்றுதான் சொல்வேன். வேறென்ன? கட்டாரில் நாலு வருடம் கார்களுக்கு பெயின்ட் அடித்தவன். சுனாமிக்கு அடுத்த வருடம் கல்முனைக்குத் திரும்பியபோது பெயின்ட்டில் கலந்தால் முத்துப் போல மினுங்கும் பேர்ல் தூளும் ஒரு போத்தல் கொண்டுவந்தேன். அப்படி ஒரு கார் ஊரில் வேறு ஒருவரிடமும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சுனாமிக்குத் தந்த கூடாரத்தை வளவுக்குள் கட்டி, தூசு எழும்பாமல் நிலத்துக்குத் தண்ணி தெளித்து, காரை உள்ளே விட்டேன். முதலில் வெள்ளை. காய்ந்ததும், நிறமில்லாத கிளியர் வார்னிஷில் தூளைக் கலந்து மெல்லிசாக மூன்று பூச்சு. கை ஓரிடத்தில் தரித்தால் திட்டுத் திட்டாகிவிடும், என் கை தரிக்கவில்லை. வெளியே எடுத்தால் நிழலில் வெள்ளை, வெயிலில் நீலம்.

"வெள்ளை நல்லாத்தானே மனே இரிந்த?" என்றா உம்மா.

"உங்களுக்கு விளங்காது உம்மா."

ஒரு நாள் காலையில் பொத்துவிலிலிருந்து ஃபோன். சாச்சி மௌத்து. உம்மாவின் ஒரே தங்கச்சி. பகல் ளுஹர் தொழுகையோடு அடக்கம். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வீட்டில் வைத்து முகம் பார்த்தால்தான் உண்டு. உம்மா அழுதுகொண்டே காரில் ஏறினா.

தம்பிலுவில் தாண்டி ஒரு செக்பொயின்ட். சண்டை முடியாத காலம், கார்ப் புத்தகம் காட்டாமல் நகர ஏலாது. புத்தகத்தில் வெள்ளை, முன்னால் நிற்பது நீலம். நிறம் மாற்றினால் பதிய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இது வெள்ளைதானே என்று விட்டிருந்தேன். களவெடுத்த காரோ என்று அவர்கள் யோசித்ததில் பிழையில்லை. பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். நிழல் பக்கம் நின்று வெள்ளை என்றார், சுற்றி வந்து நீலம் என்றார். நானோ எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பேர்ல் எப்படி அடிப்பது என்று அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மடையன்!

அதற்குள் பொத்துவில் பஸ் வந்து நின்றது.

"மனே, நான் இதுல போறனே."

"பொறுங்க உம்மா, இப்ப விட்டிருவாங்க."

மௌத்து வீட்டு வாசலில் என் காரில்தான் உம்மா போய் இறங்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். அதுதான் என் மனசில் இருந்தது. பஸ் போய்விட்டது. எங்களைப் போகவிட அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் ஆண்கள் ஒருவரும் இல்லை. ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். உம்மா உள்ளே ஓடி, சாச்சியைக் குளிப்பாட்டிய பெண்ணின் கையைப் பிடித்துக் கேட்டா, "முகம் எப்படிகா இரிந்த? சொல்லுங்களன்."

சாச்சியின் மகள் அழுகையோடு சீறினாள். "கடைசி வரைக்கும் உம்மா உங்களத்தானே கேட்டாங்க பெரியம்மா. ஏன் இவ்வளவு சுணக்கம்?"

உம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "உடுத்து வெளிக்கிட நான்தான் மகள் சுணங்கிட்டன்."

வாயில் பொய் வராத மனுஷி. வாசலில் நின்ற நான், இல்லை, என்னால்தான் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. உம்மா மௌத்தாகும்வரை அந்த வீட்டில் அவவைப் பற்றி அப்படித்தான் கதைத்தார்கள், தங்கச்சி மௌத்தாகிக் கிடக்க உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தவ என்று.