மூச்சண்ணனின் பேட்ஜ்

"மூச்சை இழுங்க... அடக்குங்க... விடுங்க." எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடம் இதையே சொல்லிச் சொல்லி, அவருக்கு மூச்சண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. முரண்டு பிடிக்கும் குழந்தையை அவரே கட்டிப் பிடித்துக்கொள்வார். மனைவியின் தம்பி சுவருக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துவான். இருந்த ஈயக் கவசம் ஒன்றுதான். அதுவும் இடுப்பில் கிழிசல்.

கதிர் அளக்கும் பேட்ஜைச் சட்டையில் குத்தாமல் இழுப்பறையில் போட்டுவைப்பது அவர் கண்டுபிடித்த வழி. அளவு கூடினால் மேலிடம் அறைக்குள் விடாது. வேலைக்கு இருப்பதோ இரண்டே பேர்.

இப்போது இரத்தப் புற்றுநோய். வேலையால் வந்தது என்று நிரூபித்தால்தான் ஆஸ்பத்திரி தன் செலவில் வைத்தியம் பார்க்கும். அதற்கு எலும்பு மஜ்ஜைக்கு எவ்வளவு கதிர் போயிருக்கும் என்று கணக்கிட ஓர் அதிகாரி கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

"உங்க பேட்ஜைப் பார்த்தா, நீங்க எக்ஸ்ரே ரூம் பக்கமே போகல சார்."

"அது சமத்தும்மா. இழுப்பறையை விட்டு வெளியவே வரல."

அவள் சிரிக்கவில்லை. "எத்தனை படம், எவ்வளவு பக்கத்துல நின்னீங்கன்னு வச்சும் கணக்குப் போடலாம். ஆனா கூட வேலை பார்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

மச்சான் சாயங்காலம் வந்தான். வாசலைத் தாண்டவில்லை.

"நான் எழுதினா என் பேட்ஜையும் தோண்டுவாங்க மாமா. என் வேலை போயிடும்."

"இவரு உசுரே போகுதேடா!" என்றாள் கட்டிலருகே இருந்த அவன் அக்கா.

"விடுடி. அவனுக்கு அந்த வழியைக் காட்டினதே நான்தானே." அப்போதுதான் மச்சானின் சட்டையில் பேட்ஜ் மினுங்குவதைக் கவனித்தார். "இது எப்போலேர்ந்துடா மாப்ள?"

"உங்களுக்கு வந்ததிலேர்ந்து."

கையெழுத்து வரவில்லை. பதினைந்தாம் நாள், பேட்ஜை மட்டும் வைத்துக் கணக்கிட்ட தாள் வந்தது. மஜ்ஜைக்கு நேரே, 'பதிவாகும் அளவுக்குக் கீழ்' என்றிருந்தது.

மறுநாள் இருமல் முற்றி, நெஞ்சைப் படம் எடுக்கக் கொண்டுபோனார்கள். அவரால் நிற்க முடியவில்லை. யாராவது பிடிக்க வேண்டும்.

மச்சான் தன் பேட்ஜை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். ஈயக் கவசத்தை அக்காவிடம் நீட்டினான். "நீ பிடிச்சுக்கக்கா." சுவருக்குப் பின்னால் போய்விட்டான்.

"மூச்சை இழுங்க மாமா..."

மூச்சண்ணன் இழுத்தார். மனைவியின் இடுப்பில் கவசம் கிழிந்திருந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"அடக்குங்க."