பாடம் நடத்த வேண்டாம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று மாநில எல்லையை ஒட்டி, ஜூஜுவாடிப் பக்கம் சொந்தமாக ஒரு தொடக்கப் பள்ளி வைத்திருக்கிறேன். தொழிற்பேட்டையில் வார்ப்பிரும்பைத் தோளில் சுமந்து லாரியில் ஏற்றியிருக்கிறேன். பிறகு பழைய பிரஸ் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு வாஷர் அடித்தேன். என் பட்டறை வாஷர் இல்லாமல் இந்த நெடுஞ்சாலையில் பாதி வண்டி ஓடாது என்று நான் சொன்னால் மறுக்க ஆள் கிடையாது. பட்டறையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் கட்டினேன். வரைபடம் போட்ட இன்ஜினியர் வைத்த மாடிப்படியை இடிக்கச் சொல்லி இடம் மாற்றியதும் நான்தான். பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கியவர்களெல்லாம் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்.

எழுந்து நிற்பதில் குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்தால் என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

தலைமையாசிரியை பெங்களூரில் பெரிய பள்ளியில் இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் முதல் வேலையாக ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அதில் வாராந்திர அறிக்கை வரும். கணினி முன்னால் இருக்கும் எழுத்தரிடம் அவர் வாயால் சொல்வார், எழுத்தர் ஆங்கிலத்தில் தட்டி அவர் பெயரிலேயே அனுப்புவார். தாளாளர் என்ற முறையில் என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். அதனால் எழுத்தரை உட்காரவைத்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பேன். கேட்கக் கேட்க எரிச்சலாக வரும்.

அறிவிப்புப் பலகைக்கு மஞ்சள் கரை ஒட்ட வேண்டும், பச்சை கூடாது. பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலை ஜன்னலோரம் வரிசையாக வைக்க வேண்டும். அன்றைய கற்றல் நோக்கத்தைக் கரும்பலகையின் வலது மூலையில் எழுத வேண்டும். பிள்ளைகளை வாசலில் புன்னகையோடு வரவேற்க வேண்டும். யோசிக்க வைக்கும் கேள்வியாகக் கேட்க வேண்டும். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேச்சு கூடாது. இப்படி ஒரு முழம் நீளத்துக்குப் போகும். புன்னகை செய் என்று எழுதிக் கொடுத்தால்தான் செய்வாள் என்றால் அப்படிப்பட்ட ஆளை வேலைக்கு எடுத்தது யார்?

அறிக்கை வந்ததும் முதல் கட்டைவிரல் தலைமையாசிரியையுடையதாக இருக்கும். தன் செய்திக்குத் தானே விரல் உயர்த்திக்கொள்வார், மற்றவர்களுக்கு ஊக்கமாம். உடனே கீழே வரிசையாக விழும்: நோட்டட் மேம், நோட்டட் மேம், நோட்டட் வித் தேங்க்ஸ் மேம். படிக்கவே கால் மணி நேரம் ஆகிற செய்திக்கு, கண் இமைப்பதற்குள் பதில்.

பட்டறையில் ஷிஃப்ட் மாறும்போது ஒருத்தன் போவான், ஒருத்தன் வருவான். போகிறவன், "டை லூசா ஆடுது, கையைக் கிட்ட வெச்சிடாத" என்பான். வருகிறவன் குறித்துக்கொண்டேன் என்று சொல்லமாட்டான். குனிந்து, தகட்டை வெட்டும் அந்த டையைத் தொட்டுப் பார்ப்பான். விரல் போய்விடும் என்ற பயம் இருக்கிற இடத்தில் பேச்சு தானாகவே சுருங்கும். இங்கே போவது பிள்ளைகளின் வருஷம்தானே, ஆசிரியர் விரல் இல்லையே.

ஒரு புதன்கிழமை தலைமையாசிரியை என் அறைக்கு வந்து, ஒன்றாம் வகுப்பு ஆசிரியையை நிறுத்திவிட வேண்டும் என்றார்.

"என்ன தப்பு பண்ணிச்சு?"

"குரூப்ல ஒரு மெசேஜுக்கும் ரிப்ளை கிடையாது சார். மத்தவங்களுக்கு அது ரொம்பத் தப்பான முன்மாதிரி. அதுக்கு மேல, கிளாஸ்ல தெலுங்கு பேசறாங்க. எத்தனை ரிமைண்டர் போட்டாச்சு! பேரன்ட்ஸ் இங்கிலீஷுக்காகத்தான் இங்க சேர்க்கறாங்க."

"பிள்ளைங்க படிக்குதுங்களா?"

"அது வேற விஷயம் சார்."

வேறு விஷயமாம்!

அந்த ஆசிரியை உள்ளூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. கணவருக்கு ஒப்பந்த வேலை, இன்று இருக்கும், நாளை இருக்காது. மகள் எங்கள் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பில் சம்பளம் கட்டாமல் படிக்கிறாள். ஆசிரியர் பிள்ளை என்பதால் கொடுத்த சலுகை அது. தாயை அனுப்பினால் மகளும் வெளியே போக வேண்டியதுதான், அதுவும் வருஷத்தின் நடுவில். திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்று தலைமையாசிரியையை அனுப்பிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை எழுத்தரிடம் போனேன். அறிக்கை தயாராக இருந்தது.

"நடுவுல ஒரு வரி சேரு. மஞ்சள் கரைக்கும் தண்ணி பாட்டிலுக்கும் நடுவுல."

"என்ன வரிங்க சார்?"

"திங்கட்கிழமையிலிருந்து எந்த வகுப்பிலும் பாடம் நடத்த வேண்டாம்னு போடு."

எழுத்தருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். முகம் செத்துவிட்டது. "சார், மேடம் என்னை நாறடிச்சிடுவாங்க."

"நாறடிச்சா நான் சென்ட் வாங்கித் தரேன். போடும்மா."

போட்டார். அனுப்பியதும் வழக்கம்போல முதல் கட்டைவிரல் தலைமையாசிரியையுடையது. பின்னாலேயே நோட்டட் மேம்கள். நான்காம் வகுப்பு ஆசிரியர் கைகூப்பும் படம் வேறு போட்டு, வழிகாட்டுதலுக்கு நன்றி என்று எழுதியிருந்தார். எதற்கு நன்றி? சும்மா உட்காரச் சொன்னதற்கா? அந்தச் சாயங்காலம் நான் சிரித்த சிரிப்பில் வீட்டில் என்னைப் பார்த்துப் பயந்தார்கள்.

திங்கட்கிழமை பள்ளியைச் சுற்றி வந்தேன். பாடம் நடத்த வேண்டாம் என்பதைக் குறித்துக்கொண்ட அத்தனை பேரும் தொண்டை கிழியப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கட்டளையை மீறும் துணிச்சல் இவர்களில் ஒருவருக்கும் கிடையாது. ஆக, ஒருவரும் படிக்கவில்லை.

ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான். ஆசிரியை அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏமய்யிந்திரா?" என்று, என்னடா ஆச்சு என்பதை அவன் பாஷையில் கேட்டார். அவன் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தான். பெஞ்சுக்கு அடியில் விழுந்த பென்சிலை எடுத்துக் கொடுத்து, அதன் பெயரை மூன்று பாஷையில் சொல்லவைத்தார். கடைசியில் ஆங்கிலத்தில். பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான்.

இடைவேளையில் எல்லோரையும் அலுவலக அறைக்கு வரச் சொன்னேன். எழுத்தரை அந்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தார். பட்டதாரிகள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் டைல்ஸ்தான் இருந்தது, அதுவும் நான் போட்டது.

தலைமையாசிரியைக்கு முகம் சிவந்தது. "இது சீட்டிங் சார். ஸ்டாஃப் முன்னால என்னை அசிங்கப்படுத்தறீங்க."

"உங்க பேர்ல வந்ததுக்கு நீங்களே கட்டை விரலைத் தூக்கினீங்களே மேடம், படிச்சா தூக்கினீங்க?"

"நான் சொன்னதுதானேன்னு..."

"சரி. நோட்டட்னு போட்டவங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், படிச்சேன்னு சொல்லுங்க பாக்கலாம்."

கைகூப்பும் படம் போட்ட நான்காம் வகுப்பு ஆசிரியர் மெல்ல மற்றவர்களுக்குப் பின்னால் நகர்ந்தார்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் திரும்பினேன். "நீயாச்சும் படிச்சியாம்மா?"

"இல்லைங்க சார். பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்தே படிக்கறதில்ல. நாப்பது பிள்ளைங்க. எனக்கு எங்க சார் நேரம்?"

"பாத்தீங்களா சார்!" என்றார் தலைமையாசிரியை.

"பாத்தேன். யாருமே படிக்கல. படிச்ச மாதிரி பொய் சொல்லாதது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். இதை அனுப்பணும்னா மீதி எல்லாரையும் முன்னாடி அனுப்பணும். உங்களையும் சேத்து."

தலைமையாசிரியையை நான் அனுப்பவில்லை. கிருஷ்ணகிரிக்குப் போய்க் கல்வி அலுவலகத்தில் அங்கீகாரம் அது இது என்று ஆங்கிலத்தில் மல்லுக்கட்ட ஆள் வேண்டும். அந்த அளவுக்கு அந்தப் படிப்பு உதவும். ஆனால் வாராந்திர அறிக்கையை அன்றே நிறுத்தினேன். இனிமேல் சனிக்கிழமை எல்லோரும் நின்றபடி பேச வேண்டும்: எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை, அவ்வளவுதான். நாற்காலி கிடையாது. நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு சுருங்கும்.

எல்லோரும் போன பிறகும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"சார், அப்ப நான் தெலுங்குல பேசலாங்களா?"

"தாராளமா பேசும்மா. நான் சொல்றேன்."

"நீங்க வாயால சொல்றீங்க. நாளைக்கு மேடம் இல்லைன்னுவாங்க. பாப்பா இங்க படிக்குது சார். எழுதிக் குடுத்துடுங்க."

அறிக்கையை ஒழித்த அதே நாளில் என்னை ஒன்று எழுதச் சொல்கிறாள்! கோபம் வந்தது. ஆனாலும் அவள் கேட்டதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்தரிடம் காகிதம் வாங்கி, தமிழில், என் கையாலேயே எழுதினேன்: ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டி தெலுங்கில் பேசலாம். இதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது.

வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர், நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். திரும்பி வந்தார்.

"கன்னடத்தை விட்டுட்டீங்க சார். எல்லைக்கு அந்தாண்ட அத்திப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைங்களும் இருக்குதுங்க."

பேனாவை எடுத்துக் கன்னடத்தையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.