எந்த நாட்டில் இருக்கட்டும் மகள்

"கதவுல பூட்டு இருக்கா இல்லையா? அதக் கேளு மொதல்ல" என்றார் நீராவி அக்கா என்னிடம்.

தொலைபேசியின் மறுமுனையில் வெளிநாட்டுச் சிறார் இல்லத்தின் அதிகாரி. அக்காவின் மகள் அங்கேதான் இருந்தாள். பூட்டு உண்டு, அறைச் சாவி அவளிடமே இருக்கும் என்றார் அவர்.

"அவகிட்டயா? வீட்டுச் சாவியவே தொலைச்சுட்டு நிப்பாளே! சாப்பாடு?"

"புள்ளைங்களே முறை வச்சு சமைக்கிறாங்களாம்க்கா" என்றேன்.

"பாவம், மத்த புள்ளைங்க."

பிறகு அதிகாரி ஒன்று கேட்டார். தாய் சம்மதித்தால் மீதித் தண்டனைக் காலத்தை மகள் இங்குள்ள சிறார் இல்லத்தில் கழிக்கலாம். அக்கா யோசிக்கவே இல்லை. "அனுப்பச் சொல்லு."

அக்காவுக்கு ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் வேலை. நாளெல்லாம் இஸ்திரி ஆவியில் நிற்பதால் அந்தப் பெயர். அப்பாவோடு வெளிநாடு போன மகள், தோழிகளோடு யாருடைய காரையோ எடுத்து ஓட்டி, ஒரு பெரியவரின் காலை முறித்துவிட்டாள். அந்த நாட்டு மொழியும் தமிழும் தெரியும் என்பதால் என்னைப் பேச அழைத்தார்கள்.

அன்று மாலை அக்காவின் தங்கை வந்தார். அவர் மகன் செல்போன் திருடி இங்குள்ள இல்லத்தில் இருந்தவன்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாக்கா?"

"வாராவாரம் பாப்பேன்டி. நீ பாக்கலையா?"

"பாத்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தலையக் குனிஞ்சுட்டு நிப்பான். வெளிய வந்தும் நிமிரல. நான் கதவத் தட்டுனாக்கூட எந்திரிச்சு சுவரோரமா போய் நிக்கிறான். அங்க இவள என்ன பண்றாங்க?"

"காலொடிஞ்ச பெரியவர் வந்து எதிர்ல உக்காந்து, ஏம்மா இப்படிச் செஞ்சேன்னு கேட்டாராம். அழுதுட்டாளாம்."

"அழட்டும். அழவாவது தெரியுதே."

"தொட்டுப் பாத்தே எவ்வளவு நாளாச்சுடி" என்றார் அக்கா.

மறுநாள் அக்கா, மகள் அங்கேயே இருக்கட்டும் என்று அதிகாரியிடம் என்னைச் சொல்லச் சொன்னார்.

அந்த இல்லத்திலும் ஒரு கெடுபிடி உண்டு. மேற்பார்வையாளருக்குப் புரியும் மொழியில்தான் பிள்ளைகள் தொலைபேசியில் பேச வேண்டும். அக்காவுக்குத் தெரியாத அந்த மொழியில் அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், நிறுத்துவாள். நான் அதைத் தமிழில் சொல்வேன். அடுத்த அழைப்பு வருவதற்குமுன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ பேசுறப்ப நடுவுல நீ பேசாதம்மா. முழுசாப் பேசி முடிக்கட்டும். என்ன சொன்னான்னு அப்புறமா கேட்டுக்கறேன்."