செக்ரோலில் இறந்தவர்

ஓய்வு பெற்ற பிறகு, சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் கோயில் குழு ஒன்றில் சேர்ந்தேன். நல்ல மனசு என்றார்கள். அது உண்மையில்லை. ஒரு மனிதர் என்றாவது வரப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் வேறு யாரிடமும் போகாமல் என்னிடமே வரவேண்டும் என்றுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நானுஓயாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கராக இருந்தவன். அந்த மனிதர் அங்கே தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். ஒரு தீபாவளிச் சண்டையில் அவர் கைக் கத்தியால் ஒருவர் இறந்துபோனார். நீண்ட தண்டனை கிடைத்தது. வேலைக்கு ஆள் இல்லாத குடும்பம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கக்கூடாது என்று, தோட்டத்தை நடத்திய அப்போதைய துரை அவர்கள் குடியிருந்த காம்பராவைக் காலி செய்யச் சொன்னார். இறந்தவரின் இடத்தை மனைவிக்குக் கொடுக்கலாம். சிறைக்குப் போனவரின் இடத்தைக் கொடுக்க வழியில்லை. ஆகவே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிடும் பெயர்களைப் பதியும் செக்ரோலில், அவர் பெயருக்கு நேரே ‘இறந்துவிட்டார்’ என்று எழுதினேன். சிறையிலிருந்து தகவல் வந்ததாகச் சொன்னேன். மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும்.

லயத்து ஆட்கள் நம்ப வேண்டுமே. பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. அந்த அம்மா தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உதவிதான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து ஒரு மாலை, பனிமூட்டத்துக்குள்ளிருந்து அவர் நடந்து வந்தார். பிள்ளைகள் ஓடினார்கள். ஒரு கிழவி அடுப்புச் சாம்பலை அள்ளி அவர் மேல் எறிந்தாள். லயமே பார்த்துக்கொண்டிருந்ததால் மனைவி தேத்தண்ணீரைக் கையில் கொடுக்காமல் வாசற்படியில் வைத்தாராம். அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். தலைமுடியில் இன்னும் சாம்பல் இருந்தது.

“எல்லாரும் ஏங்கய்யா என்னப் பாத்துப் பயப்படுறாங்க?”

“செறையில இருந்து தப்பாத் தகவல் வந்துருச்சுப்பா” என்றேன்.

தலையாட்டிக்கொண்டார். “வேலை ஒண்ணு வேணுங்கய்யா. உள்ள நம்பர் சொல்லித்தான் கூப்புடுவாங்க. பெரட்டுல நின்னு என் பேரக் கேக்கணும். அது போதும்.”

மறுநாள் மனைவி வந்தார். “எழுதுனது நீங்கதானேங்க. ஆபீசுல சொல்லித் திருப்பி எழுத வைங்க.”

“விசாரணை வரும். ஒன் வேலையும் போயிரும்.”

“என் வேலைக்காகவா பயப்படுறீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

திரும்பி வந்தவருடைய தம்பி கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போய் அங்கேயே இறந்தவர். அந்தப் பெயரைத் தோட்டத்துப் பதிவில் யாரும் வெட்டவில்லை. புதிய துரைக்கு இதெல்லாம் தெரியாது. பழைய கிளாக்கர் என்ற செல்வாக்கில், தம்பியின் பெயரில் அவரைச் சேர்த்துவிட்டேன். கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். “சரிங்கய்யா” என்றார்.

அன்றிலிருந்து காலைப் பெரட்டில் கங்காணி, உண்மையிலேயே செத்தவரின் பெயரைக் கூப்பிடுவார். “இருக்கேங்க” என்று பனிக்குள்ளிருந்து பதில் வரும். அவருக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் நிற்கும் இடம் எப்போதும் காலியாக இருக்கும்.

“கங்காணி, செத்தவங்களுக்கு அரைநாள் கூலியா, முழு நாள் கூலியா?” என்று ஒரு நாள் ஒருவன் கேட்டான். சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இரண்டு மழைக்காலம் போனது. நான் தினமும் மேல் ரோட்டில் நின்று பார்ப்பேன். இறந்துபோன தம்பிக்கு, பெரட்டில் பதில் சொல்லுமுன் தொண்டையைச் செருமும் பழக்கம் இருந்தது. ஒரு நாள் அண்ணனிடம் அந்தச் செருமலைக் கேட்டேன். கேட்டுப் பழகியதாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தம்பி இடது கைக்காரர். கொஞ்ச நாளில், கவ்வாத்து மலையில் அண்ணனும் இடது கையால் வெட்டுவதைக் கண்டேன். ஒரு கிளைகூடப் பிசகவில்லை.

அன்றே துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, “பழைய விஷயம். திருத்திக்கலாம்” என்றார். மனைவியின் வேலைக்கும் ஒன்றும் வரவில்லை. எத்தனையோ வருடம் நான் பயந்தது, ஒரு தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் பெரட்டுக்கு நானும் போனேன். அவருடைய மனைவி கொழுந்துக் கூடையோடு பெண்கள் பக்கம் நின்றார். நெற்றியில் புதிதாகப் பொட்டு இருந்தது. கங்காணி அந்தக் கணவரின் சொந்தப் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அவர் நேராகப் பார்த்தபடி நின்றார்.

நான் பக்கத்தில் போனேன். “ஒம் பேருதாம்பா கூப்புடுறாங்க.”

என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை.

“அவரு செத்துட்டாருங்கய்யா. கருமாதிச் சோறு நீங்களுந்தானே சாப்பிட்டீங்க.”

கங்காணி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் கங்காணி தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. இடது கை உயர்ந்தது.

“இருக்கேங்க.”

செக்ரோலில் இப்போது அவர் உயிரோடு இருக்கிறார். அந்தப் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் ‘வரவில்லை’ என்று பதிகிறார்கள். அவருடைய மனைவி இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் பெரட்டுக்கு வருகிறார்.